லேர்ட் ஊரில் இல்லை

லேர்டை அனுப்பிவிட்டு நாங்களே தீவை வாங்கிய மூன்றாவது வருஷம் நடந்தது இது. கதைக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் தடுமாறி என் பொறுமையைச் சோதிக்கிறார்கள். லேர்ட் என்றால் பிரபு அல்ல. அது ராஜா கொடுத்த பட்டமும் அல்ல; அதை வைத்துக்கொண்டு நாடாளுமன்றத்தில் போய் உட்கார முடியாது. நிலம் யாருடையதோ அவர் லேர்ட், அவ்வளவுதான். நிலத்தை விற்ற மறுநாள் அவர் வெறும் ஆள். நிலம் கையில் இருக்கும்வரை அவரை நிலத்தின் பெயராலேயே கூப்பிடுவோம். எங்கள் தீவின் பெயர் ஸ்ட்ரோன்மோர், ஆகவே லேர்டின் பெயரும் ஸ்ட்ரோன்மோர். முப்பத்தோரு வருஷம் அவருக்கு "குட்மார்னிங், ஸ்ட்ரோன்மோர்" சொன்னவர்களில் பாதிப்பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் தபால்காரி.

எவாண்டர் மெக்காஸ்கிலுக்கு வேண்டியிருந்தது ஒரு வீட்டு மனை. அதுவும் வேறு யார் நிலத்திலும் இல்லை. அவரும் அவர் அப்பாவும் குத்தகைக்கு உழுத அதே நிலத்தில், மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், தண்ணீர் தேங்காத ஒரு மூலை. அவர் மகள் இஷ்பெல் கிளாஸ்கோவில் நர்ஸ். எங்கள் தீவின் நர்ஸ் ஓய்வு பெற்றுப் பதினாலு மாதமாக நாற்காலி காலி. எங்கள் ஊர் மர்டீனாவின் காலில் உள்ள புண்ணுக்கு அவள் பக்கத்து வீட்டுக்காரி யூடியூப் பார்த்துக் கட்டுப்போட்டுக் கொண்டிருந்தாள். இஷ்பெலுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது, அக்டோபர் ஒன்றாம் தேதி சேர வேண்டும். அவள் புருஷன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். அஸ்திவாரம் போட்டிருந்தால் குழந்தையோடு ஒரு குளிர்காலத்தை காரவன் வண்டியில் ஓட்டுவான். அஸ்திவாரமே இல்லாத வீட்டை நம்பி வரமாட்டான். அதில் நியாயம் இருந்தது. உறைபனி விழ ஆரம்பித்தால் எங்கள் ஊரில் மார்ச் வரை கான்கிரீட் போட முடியாது.

ஜூலை முதல் வாரம் எவாண்டர் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, தீவை எங்கள் எல்லார் சார்பிலும் வைத்திருக்கும் அறக்கட்டளையின் அலுவலகத்துக்குப் போனார். நான் தபால் கொடுக்கப் போயிருந்தேன், அதனால் முழுவதும் கேட்டேன். தலைவர் டோர்க்வில் மெக்ஸ்வின் காகிதத்தை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி, கீழ்க்கோடியைப் படித்தார்.

"'லேர்டின் கையொப்பம்'னு போட்டிருக்கு."

"ஆமா. அங்கதான் நீங்க போடணும்" என்றார் எவாண்டர்.

டோர்க்வில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னையா லேர்டுங்கறீங்க?"

"நிலம் இப்ப உங்க கிட்டதானே இருக்கு?"

"எவாண்டர், பதினெட்டு வருஷம் அந்த வார்த்தையை எதிர்த்து நின்னவன் நான். மழையில நின்னிருக்கேன். பேனர் புடிச்சிருக்கேன். அந்தக் கோட்டுக்கு மேல என் கையெழுத்து விழுந்தா என் கை அழுகிடும்."

"அப்ப அந்த வார்த்தையை அடிச்சிட்டு, தலைவர்னு எழுதிடுங்களேன்."

"அடிக்கலாம்தான்" என்றார் டோர்க்வில் வருத்தத்தோடு. "ஆனா பத்திரத்தில திருத்தம் பண்ண லேர்டோட சம்மதம் வேணும்."

எவாண்டர் என்னைப் பார்த்தார். அவர் நண்டுக்கூடை போட்டுப் பிழைக்கிறவர். கடலில் எந்தப் பாறை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். காகிதத்துக்கு முன்னால் மட்டும் அவருக்குத் திசை தெரியாது. எனக்கோ வண்டி வெளியே ஓடிக்கொண்டே நின்றிருந்தது, இன்னும் நாற்பது வீடு பாக்கி இருந்தது, காது மட்டும் சூடாகிவிட்டது.

அந்த மாத நடுவில் பொதுக்கூட்டம் போட்டார்கள். நிலம் எல்லா உறுப்பினருக்கும் பொது என்பதால் எல்லா உறுப்பினரும் சேர்ந்தே லேர்ட் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் நூற்றுப்பன்னிரண்டு பேர். டோர்க்வில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாண்புமிகு ஸ்ட்ரோன்மோர் அவர்களே" என்று ஆரம்பித்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றோம். உட்காருங்கள் என்று சொல்ல லேர்டைவிட மேலான ஆள் வேண்டுமா என்று யாரோ சந்தேகம் கிளப்பினார்கள். அதை விவாதித்து முடிக்க இருபது நிமிஷம் ஆனது. நாங்கள் நின்றுகொண்டே ஷார்ட்பிரெட் பிஸ்கட் தின்றோம்.

எவாண்டர் அதையும் நம்பினார். மனிதர் மூன்று வாரம் வீடு வீடாக அலைந்து கையெழுத்து வாங்கினார். மழையில் காகிதம் நனையாமல் இருக்க அதை ரொட்டிப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். நான் போகிற வழியில் பார்த்தால் வண்டியில் ஏற்றிக்கொள்வேன். வண்டியிலும் கால் நிற்காது, ஆட்டிக்கொண்டே இருப்பார்.

"இன்னும் எத்தனை பேர்?" என்று கேட்பேன்.

"எட்டு. அதுல ஒருத்தர் மாடு தேடப் போயிருக்கார். ஷோனட், அந்த மூலையில வீட்டுக்கு அளவெடுத்து, அடையாளத்துக்கு நாலு மிதவை வெச்சிட்டேன், தெரியுமா? ஆரஞ்சு கலர். சமையலறை கடலைப் பார்க்கும்."

நூற்றுப்பதினோரு கையெழுத்தும் வந்துவிட்டது. அவர் அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். டோர்க்வில் இரண்டு தடவை எண்ணினார்.

"ஒண்ணு குறையுது."

"அது நான். எனக்கு நானே எப்படிப் போட்டுக்க முடியும்? தப்பாச்சேன்னு விட்டுட்டேன்."

"ரொம்ப சரி. போட்டிருந்தா விண்ணப்பத்தையே தள்ளியிருப்போம். சம்மதம் கேக்கறவரே சம்மதம் குடுக்கக் கூடாது." டோர்க்வில் முகம் கனிந்தது. "ஆனா பாருங்க, லேர்டில நூத்துப்பன்னெண்டில ஒரு பங்கு இன்னும் சம்மதிக்கல. அது எந்தப் பங்குன்னு நமக்குத் தெரியாது. வலது கையா இருந்தா? வலது கை சம்மதிக்காத மனுஷன் கையெழுத்துப் போட்டான்னு சொல்ல முடியுமா?"

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"அதுக்குத்தான் ஒரு துணைக்குழு போட்டிருக்கோம். அந்த வார்த்தைக்கு என்ன பொருள், அதை எப்படிப் பயன்படுத்தியிருக்காங்கன்னு ஆராயப் போறோம். எல்லாம் உங்க வீட்டுக்காகத்தான்."

உங்க வீட்டுக்காக! எனக்கு வாயில் வந்த வார்த்தையை எங்கள் பாதிரியார் காதில் விழாத இடத்தில்தான் சொல்ல முடியும்.

அன்று சாயங்காலம் எவாண்டரை நானே பழைய லேர்டிடம் கூட்டிக்கொண்டு போனேன். தீவை விற்றுக் கடன்களை அடைத்தபின் லண்டனில் இருந்த வீடும் போய்விட, அவர் எங்கள் அறக்கட்டளையிடமே தன் பழைய மாளிகையின் தோட்டக்காரர் வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இங்கேயே குடிவந்துவிட்டார். கதவைத் தட்டினால் கையில் வாளியோடு திறந்தார். உள்ளே மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"கூரை மாத்தணும்" என்றார் வெட்கத்தோடு. "மார்ச்லயே எழுதிட்டேன். லேர்ட் யாருன்னு முடிவானதும் சொல்றேன்னாங்க. உக்காருங்க. அங்க வேண்டாம், அது ஈரம்."

அவரை என்னவென்று கூப்பிடுவது என்று எவாண்டர் திணறினார். முப்பத்தோரு வருஷப் பழக்கம் நாக்கு நுனியில் நிற்கிறது. ஆனால் அந்தப் பெயர் இப்போது நூற்றுப்பன்னிரண்டு பேருடையது. கடைசியில் "ஐயா" என்று வைத்துக்கொண்டார்.

"நீங்க சம்மதம் குடுக்கும்போது எப்படிக் குடுத்தீங்க ஐயா? என்ன முறை?"

"முறையா?" பழைய லேர்ட் உண்மையாகவே யோசித்தார். "மேனேஜர் ஒரு கட்டு காகிதம் அனுப்புவார். லண்டன்ல காலைச் சாப்பாட்டு மேசையில கையெழுத்துப் போடுவேன். முட்டை ஆறிப்போறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"இடத்தைப் பார்க்க மாட்டீங்களா?"

"எங்கே பார்க்கறது? ஆகஸ்ட்ல மான் வேட்டைக்குப் பத்து நாள் வருவேன், அவ்வளவுதானே? இங்கேயே இருந்திருந்தா ஒருத்தருக்கும் சம்மதம் குடுத்திருக்க மாட்டேன்னு நினைக்கிறேன். என் ஜன்னலை மறைக்குதே, என் பாதையில வருதேன்னு ஏதாவது சொல்லியிருப்பேன்." வாளியை எட்டிப் பார்த்தார். "தூரத்துல இருந்ததால நல்லவனா இருந்தேன்."

எவாண்டரும் வாளியை எட்டிப் பார்த்தார். போகும்முன் ஏணி கேட்டு வாங்கி, கூரையில் ஏறி ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டு வந்தார். யாருடைய சம்மதமும் கேட்கவில்லை.

துணைக்குழு ஆறு வாரம் உட்கார்ந்தது. எஸ்டேட்டின் நூற்றெண்பது வருஷக் கடிதங்களை மாளிகையின் நிலவறையிலிருந்து ஏற்றிவந்து, ஒவ்வொன்றிலும் அந்த வார்த்தை எங்கே வருகிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று அட்டை அட்டையாக எழுதினார்கள். செப்டம்பர் பிறந்து பாதி ஓடிவிட்டது. எவாண்டர் வாரத்துக்கு இரண்டு முறை அலுவலகப் படியேறிக் கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறை "பத்தொன்பதாம் நூற்றாண்டை நெருங்கிட்டோம்" என்பது போல ஏதோ சொல்லி அனுப்பினார்கள். கிளாஸ்கோவிலிருந்து இஷ்பெல் போன் செய்து, "அப்பா, நான் இங்கே வேலையை விடட்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டாள். எவாண்டர் "கொஞ்சம் பொறு கண்ணு" என்றார். போனை வைத்துவிட்டு வெளியே வந்து, காற்று நகர்த்திவிட்ட மிதவைகளை மறுபடி அளந்து வைத்தார்.

அறிக்கையை வாசிக்கச் சமூகக்கூடத்தில் எல்லாரும் கூடினோம். நாற்பத்தேழு பக்கம். டோர்க்வில் கழுத்துப்பட்டை கட்டி, மேடைக்கென்று வைத்திருக்கும் குரலை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அன்பார்ந்த உறுப்பினர்களே! லேர்ட் என்பவர் யார்? பட்டம் பெற்றவரா? இல்லை. போர்வீரரா? ஒருவரே ஒருவர், அவரும் குதிரையிலிருந்து விழுந்துவிட்டார். அவர் மனைவியை மரியாதைக்காகச் சீமாட்டி என்று அழைத்திருக்கிறோம், ஆனால் அதற்கும் சட்ட ஆதாரம் இல்லை. நிலம் வைத்திருப்பவர் என்றால் போதுமா? அதுவும் போதாது என்பதே எங்கள் கண்டுபிடிப்பு. மொத்தம் இரண்டாயிரத்து முந்நூறு கடிதங்கள். அவற்றில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் லேர்ட் என்ற சொல்லுக்கு அடுத்து வரும் சொற்கள் என்ன தெரியுமா?" ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "ஊரில் இல்லை."

பின்வரிசையில் யாரோ "என்னது?" என்று கேட்டார்கள்.

"இது தற்செயலாக இருக்க முடியாது. லேர்ட் ஊரில் இல்லை, ஆகவே பாலம் பழுதுபார்க்க இயலாது. லேர்ட் ஊரில் இல்லை, ஆகவே பள்ளிக்கூடக் கூரைக்குக் காத்திருக்கவும். அவர் இங்கே இல்லை என்பதற்காக நாம் அவரை வெறுத்தோம். எவ்வளவு பெரிய தவறு! இல்லாமல் இருப்பதுதான் அவருடைய பணி. அதை அவர் ஒரு குறையும் இல்லாமல் செய்தார். நாமோ மூன்று வருஷமாகத் தினமும் இங்கேயே இருந்துகொண்டு, ஏன் நிர்வாகம் நடக்கவில்லை என்று திகைக்கிறோம்."

மர்டீனா கட்டுப்போட்ட காலை முன் நாற்காலியில் நீட்டியபடி கத்தினாள். "இதைக் கண்டுபிடிக்க ஆறு வாரமா? என்னைக் கேட்டிருந்தா வாசல்ல நின்னே சொல்லியிருப்பேனே!"

"உங்களிடம் அட்டவணை இல்லையே, மர்டீனா" என்றார் டோர்க்வில்.

ஆக, லேர்ட் என்பவர் நிலத்தில் பங்கு உள்ளவராகவும் இருக்க வேண்டும், ஊரில் இல்லாதவராகவும் இருக்க வேண்டும். உறுப்பினர் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார்கள். நூற்றுப்பதினோரு பேர் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தோம். ஒரே ஒருத்திதான் அங்கே இல்லை. அவள் அப்பா ஒரு நப்பாசையில் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்காமலேயே விட்டுவைத்திருந்தார். முன்பு கையெழுத்து வேட்டையின்போது அவளுக்கும் தபாலில் தாள் போய் வந்திருந்தது.

அப்படித்தான் இஷ்பெல் மெக்காஸ்கில் எங்கள் லேர்ட் ஆனாள். எவாண்டர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்க, டோர்க்வில் இறங்கிவந்து அவர் கையைக் குலுக்கி, "லேர்டோட அப்பாவா இருக்கறது லேசான பொறுப்பில்ல" என்றார். மறுநாள் காலை நான் எடுத்துப்போன கடித உறையில் முகவரி இப்படி இருந்தது: ஸ்ட்ரோன்மோர், மூன்றாவது மாடி, வலதுபக்கக் கதவு, கிளாஸ்கோ.

அவள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாகச் சொன்னாள். ஆனால் உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். சம்மதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், அன்று எங்கள் தீவில் கோழிகூடச் சத்தமாகக் கூவாது. திங்கட்கிழமை அதை மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றினார்கள். எவாண்டர் அஸ்திவாரம் தோண்டப் புதன்கிழமைக்கு ஜேசிபி சொல்லிவைத்தார். செவ்வாய்க்கிழமைக் கப்பலில் இஷ்பெல் புருஷனோடும் குழந்தையோடும் வந்துவிடுவாள். நான்கூட நிம்மதியாக வெண்ணெய் தடவி ஒரு ஸ்கோன் ரொட்டி தின்றேன்.

செவ்வாய்க்கிழமை காற்று பிய்த்தெடுத்தது. கப்பல் இரண்டு முறை துறையைத் தவறவிட்டு மூன்றாவது முறை கரையணைந்தது. இறங்குபாலத்தை இறக்கினார்கள். இஷ்பெல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் மேல்விளிம்பில் வந்து நின்றாள். அப்போதுதான் டோர்க்வில் மினிட்ஸ் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஸ்ட்ரோன்மோர்! அங்கேயே நில்லுங்க! எறங்காதீங்க!"

"ஏன், என்னாச்சு?"

"கால் துறையில பட்டா நீங்க ஊர்ல இருக்கீங்கன்னு ஆயிடும். ஊர்ல இருந்தா லேர்ட் இல்ல. லேர்ட் இல்லைன்னா நீங்க குடுத்த சம்மதம் செல்லாது. நேத்து ராத்திரி மினிட்ஸ் எழுதும்போதுதான் கவனிச்சேன். தூக்கமே வரல."

இஷ்பெல் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். குழந்தை அவள் தொப்பியைப் பிடுங்கிக் கடலில் எறிந்தது.

"அதாவது, நான் இந்தக் கப்பல்லயே திரும்பிப் போனா எனக்கு வீடு கட்டலாம். எறங்கிட்டா கட்ட முடியாது."

"கச்சிதமா புரிஞ்சுக்கிட்டீங்க! பிறவி லேர்ட் நீங்க!"

"முன்னாடி இருந்தவருக்கு இந்தப் பிரச்சினை வரலையா?"

"அவர் ஒருநாளும் இங்க குடியிருக்க ஆசைப்படலையே" என்றார் டோர்க்வில்.

கூட்டத்தின் ஓரத்தில் பழைய லேர்ட் பழைய மழைக்கோட்டில் நின்றிருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நிமிஷம் எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. டோர்க்வில் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பேனர் பிடித்து மழையில் நின்றவர்தான் அவர், அதில் பொய்யில்லை. கப்பல் கேப்டன் மேலிருந்து, "காத்து ஏறுது, சீக்கிரம் முடிவு பண்ணுங்க!" என்று கத்தினார்.

எவாண்டர் முன்னால் வந்தார். மூன்று மாதமாக எந்தக் காகிதத்தை நீட்டினாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், இப்போது யாரையும் பார்க்கவில்லை. மகளை மட்டும் பார்த்தார்.

"எறங்கு கண்ணு" என்றார். "மத்ததை அப்பறம் பார்த்துக்கலாம். குழந்தைக்குக் குளிருது."

அவள் இறங்கினாள். டோர்க்வில் கடிகாரத்தைப் பார்த்து, புத்தகத்தைத் திறந்து, பதினொன்று பதினேழு, லேர்ட் பதவி காலி என்று எழுதினார். மர்டீனா அங்கேயே கப்பல் கயிறு கட்டும் ஒரு குட்டைக் கம்பத்தின் மேல் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டாள். இஷ்பெல் குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டு அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். "யார் போட்டது இது?" என்று கேட்ட குரலில், எங்கள் தீவுக்கு நர்ஸ் வந்துவிட்டாள் என்று எல்லாருக்கும் புரிந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. காற்றினால் அல்ல.

டோர்க்வில் ஒரு உறையை என்னிடம் நீட்டினார். எவாண்டர் மெக்காஸ்கிலுக்கு, சம்மதம் காலாவதி, எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

"முன்னாடியே தயாரா வெச்சிருந்தேன். பதிவுத் தபால். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கினாத்தான் செல்லும்."

"அவர் இதோ நிக்கறாரே. நேரா குடுத்துடுங்களேன்" என்றேன்.

"நேராவா?" அவர் அதிர்ந்துபோனார். "நூத்தியெண்பது வருஷத்துல ஒரு லேர்டும் நேர்ல எதையும் சொன்னதில்ல, ஷோனட். எல்லாம் தபால்லதான். அறிக்கையில முப்பத்திரண்டாம் பக்கம்."

உறையைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் மினிட்ஸ் புத்தகத்தைக் காற்றிலிருந்து காப்பாற்றிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். எவாண்டர் குழந்தையோடு என் பக்கத்தில் வந்து நின்று பையையே பார்த்தார்.

"குடுத்துடு ஷோனட். இழுத்துட்டிருக்க வேண்டாம்."

"முடியாது. பதிவுத் தபால் அக்கரையில இன்வெர்னஸ் தலைமை ஆபீசுக்குப் போய், முத்திரை வாங்கித்தான் திரும்பி வரணும். இந்தக் கப்பல்ல போகும். நாளைக்கும் வியாழனும் புயல்னு சொல்லியிருக்காங்க, கப்பல் இல்ல. வெள்ளிக்கிழமை வந்தா வரும், பெரும்பாலும் வராது. சனிக்கிழமை எனக்கு முதுகுவலி. ஞாயித்துக்கிழமை கேக்கவே வேண்டாம்."

"அப்ப திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை சாயங்காலம். உங்க வீடுதான் என் வழியில கடைசி. அதுவரைக்கும் உங்களுக்கு எதுவும் தெரியாது."

அவர் நெற்றியைச் சுருக்கினார். பையைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், மாட்டுக்கொட்டில் இருக்கும் மேட்டைப் பார்த்தார்.

"கான்கிரீட் இறுக எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார்.

"மூணு நாள்" என்றார் பின்னாலிருந்து பழைய லேர்ட். "என் கிட்டயும் ஒரு மண்வெட்டி இருக்கு."

எவாண்டர் குழந்தையை என் கையில் திணித்தார். அறுபத்தோரு வயதில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.